பிளாமூட்டு இறக்கத்தில் பின்னிருக்கை ஏறிய பெருந்தகைக்கு

திருவனந்தபுரம் மோட்டார் வாகனப் பரிசோதனை அலுவலகத்தில் இன்ஸ்பெக்டராக நெடுங்காலம் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் உயர்திரு அருமைநாயகம் அவர்களின் திருமுன், அலுவலக ஊழியர் அனைவரும் அன்பு மேலிட வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

ஓடும் வண்டியின் ஓசை கேட்டே அதன் உள்நோய் உணரும் உத்தமரே! தட்டிப் பார்த்தும் தடவிப் பார்த்தும் தகுதி கண்ட தகைமையாளரே! சாக்கு விரித்துச் சக்கரத்தின் அடியிலே படுத்துச் சாலையில் செல்வோர் உயிரைக் காத்த சான்றோரே! எங்கள் சிரிப்புக்கும், சில காலை வேளைகளில் எங்கள் நடுக்கத்துக்கும் காரணராய் விளங்கிய தலைவரே! வணக்கம்!

இம்மடல் தமிழில்தான் இருக்கவேண்டும் என்று முதலில் சொன்னவர் தமிழர் அல்லர். நம் பியூன் ஐயப்பன். "சாருக்குக் கோபம் வந்நால் தமிழ் அல்லே வரும்? அப்போ ஸ்தோத்திரமும் தமிழிலே இருக்கட்டே" என்று அவர் தீர்ப்புச் சொல்ல, மலையாள நண்பர்கள் எல்லோரும் கைதட்டி ஒப்புக்கொண்டார்கள். எழுதும் பொறுப்பு ஹெட் கிளார்க் சேஷனிடம் வந்தது. வாசிக்கும் பேறு, குரல் கனத்தவர் என்பதனால், நாகேஸ்வரனுக்குக் கிட்டியது. பிழை இருந்தால் சேஷனுடையது. தொண்டை அடைத்தால் அது எல்லோருடையதும்.

ஐயா!

தாங்கள் இவ்வலுவலகத்தில் அடியெடுத்து வைத்த காலத்தில், இந்நகரத்து மோட்டார் கார்களை ஹாரன் சத்தம் கொண்டே இன்னாருடையது என்று சொல்லிவிடலாமாம். பிறகு பஸ்கள் வந்தன, லாரிகள் வந்தன. யுத்தம் வந்து பெட்ரோல் பஞ்சம் பிடித்தபோது, முதுகிலே அடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயு பஸ்கள் வந்தன. ஏற்றம் கண்டால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவும், இறக்கம் கண்டால் இஷ்ட தெய்வத்தை அழைக்கவும், அப்படி ஓடிய அந்த வண்டிகளுக்கு அடியிலிருந்து தாங்கள் எழுந்து வரும்போது, வருபவர் இன்ஸ்பெக்டரா கொல்லுப்பட்டறைக்காரரா என்று தெரியாமல் வண்டிக்காரர்கள் திகைத்து நின்றதை நாங்கள் கண்டிருக்கிறோம். சிபாரிசோடு வந்தவர்களுக்கு நாற்காலி கொடுப்பீர்கள், காப்பி வரவழைப்பீர்கள், குடும்ப க்ஷேமம் விசாரிப்பீர்கள். அவர்களுடைய வண்டிக்கு மட்டும் மற்ற வண்டிகளுக்கு விழுந்த அதே சுத்தியல் விழும்.

தாங்கள் கொல்லம் பக்கம் முகாம் போன நாட்களில் இவ்வலுவலகத்தில் சிரிப்புச் சத்தம் சற்றே கூடுதலாகக் கேட்டதுண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. ஐயா அறியாததும் அல்ல.

இவ்வளவையும் சொல்லி, வாழ்த்துக் கூறி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்திருக்கலாம். ஆயினும் சென்ற சில மாதங்களாக எங்கள் நெஞ்சில் கல்லாகக் கிடந்து, சென்ற வாரம்தான் இறங்கிய ஒரு பாரத்தைப் பற்றிப் பேசாமல், தங்களை எங்களால் வழியனுப்ப இயலவில்லை. நடந்ததை நடந்தபடி இந்தச் சபையிலே சொல்லிவிடுகிறோம். கேட்டவர்கள் பலவிதமாய்க் கேட்டிருப்பார்கள்.

நேர்மையின் நிலைக்களனே!

மாசி மாதத்துக் காலை ஒன்றில், போனக்காட்டு மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கம்பவுண்டராக இருக்கும் தங்கையன் என்பவர், பட்டாளத்தார் விற்றுத் தீர்த்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஓட்டிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் நம் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். பர்மா எல்லையில் ஆம்புலன்ஸில் வேலை பார்த்து, இடது பாதத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர் அவர். மரத்தால் செய்த பாதம் பூட்டியிருந்தார். அவ்வண்டியின் பின்சக்கர பிரேக்கை இடது காலால் மிதிக்க வேண்டும். மரப்பாதத்துக்கு அந்த மிதி வசப்படாததால், அதைக் கையால் இழுக்கும்படி தாமே மாற்றிக் கட்டியிருந்தார்.

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லைன்கள் ஒரு குன்றில் ஒன்று, மறு குன்றில் ஒன்று என்று சிதறிக் கிடப்பவை. அவற்றைச் சுற்றிவரக் கூடியவர்தான் கம்பவுண்டர் வேலைக்குத் தேவை, மழைக்காலம் வரை பார்ப்போம் என்று துரை சொல்லியிருந்தார். ஆகவே அந்த மோட்டார் சைக்கிள் ரிஜிஸ்டர் ஆனால் தங்கையனுக்கு வேலை, ஆகாவிட்டால் இல்லை. அவருடைய மனைவி ரத்னாபாய் அதே தோட்டத்தில் பிரசவம் பார்ப்பவர். மரப்பாதத்தோடு கணவர் பின்தங்கிவிட, மருந்துப் பெட்டியையும் தாமே சுமந்துகொண்டு அவர் முன்னால் ஓடிய நாட்கள் பல என்று பிற்பாடு அறிந்தோம்.

தாங்கள் வண்டியைச் சுற்றி வந்தீர்கள். செயினைத் தொட்டீர்கள், விளக்கைப் பார்த்தீர்கள், ஹாரனை அடிக்கச் சொன்னீர்கள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அந்தப் பின் பிரேக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, "பாஸ் இல்லை" என்றீர்கள்.

தங்கையன் முகம் சிவந்துவிட்டது. "கால் இல்லாதவன்னு நேராச் சொல்லும் சாரே! எனக்க வண்டியை ஏன் கொறை சொல்லுதீரு? மலையிலேருந்து இம்மட்டும் ஓடித்தானே வந்திருக்கு!"

"உமக்க காலை நான் பார்க்கல்ல ஓய். வயரைப் பார்த்தேன். இது சாதாரண சைக்கிளுக்க வயர். இதிலே ரெண்டு இழை ஏற்கெனவே விட்டாச்சு. வண்டி ஓடும், அதை ஊரெல்லாம் பார்த்தாச்சு. எனக்கு அது நிக்கணும்."

வெயிலில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார் அவர். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலைக் கடைத்தெருவிலுள்ள பட்டறைக்குப் போனார். இரண்டாம் முறை கனத்த கம்பியும் புதிய கைப்பிடியுமாக வந்தார். தட்டையான மைதானத்தில் பிரேக் நன்றாகப் பிடித்தது. எங்கள் ஃபிட்டர் பகவதிப்பெருமாள்கூட, "இது போதும் சார்" என்றார். தாங்களோ, "இவர் மைதானத்திலயா ஓட்டப் போறார்? அந்த இறக்கம் எப்படின்னு எனக்குத் தெரியாதே" என்று சொல்லி, சான்றுத் தாளை மடித்து வைத்துவிட்டீர்கள்.

அந்த வார விடுமுறையில், யார் சொல்லியும் அல்ல, படியோ பயணச் செலவோ கேட்டும் அல்ல, தாங்களாகவே நெடுமங்காடு வழியாக விதுரா வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து தேயிலை லாரியில் தொற்றிக்கொண்டு, கடைசி ஏற்றங்களைக் கால்நடையாக ஏறி, அந்தச் சாலையை வளைவு வளைவாகப் பார்த்து வந்தீர்கள். உச்சி வெயிலில் தங்கையன் வீட்டு வாசலைக் கடந்தபோது ரத்னாபாய் அம்மாள் ஓடிவந்து, "சாரே, ஒரு வாய் தின்னிட்டுப் போணும்" என்று அழைக்க, தாங்கள் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டீர்கள். பிறகு அவ்வீட்டு முன்னுள்ள இறக்கத்திலேயே வண்டியை விடச் சொல்லிப் பார்த்து, "கைப்பிடி இன்னும் ஒரு விரல் நீளணும். பின்னால ஆள் இருந்தா பத்தாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினீர்கள்.

அந்த மீன் குழம்புதான் எங்களுக்கெல்லாம் தூக்கம் கெடுத்த குழம்பு!

உண்மைக்கு உறவினரே!

கைப்பிடி நீண்டது. சித்திரையில் அந்த மோட்டார் சைக்கிளுக்குத் தாங்கள் சான்று கொடுத்தீர்கள், நம்பரும் கிடைத்தது. தங்கையன் கும்பிடக் கையெடுத்தபோது, "ரெண்டு கையும் ஹாண்டிலிலே இருக்கட்டும்" என்று தாங்கள் அதட்டியது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும்.

நெடுமங்காட்டுத் தடத்தில் பஸ் ஓட்டும் முதலாளி வேலாயுதன் அவர்களின் வண்டியைத் தாங்கள் அதே மாதத்தில் பிரேக் சரியில்லை என்று நிறுத்தி வைத்திருந்தீர்கள். தாங்கள் மலைக்குப் போனது அவருடைய மற்றொரு பஸ்ஸில். எங்கே போனீர்கள், யார் வீட்டில் உண்டீர்கள் என்பதெல்லாம், தேயிலை லாரிக்காரர் சொல்லக் கேட்ட கண்டக்டர் வாயிலாக அவர் காதுக்கு எட்டிவிட்டது. வேலாயுதன் அவர்கள் இன்று இந்தச் சபையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் செய்ததைச் சொல்ல அவரே அனுமதி தந்திருக்கிறார். மறைவில் புகார் எழுதுகிறவர் அல்லர் அவர். பட்டப்பகலில் அலுவலக வாசலில் நின்று, "நாலு சக்கரம் உள்ள என்றெ வண்டி பாஸ் இல்லா, ஒற்றைக் காலன்றெ இரண்டு சக்கரம் பாஸோ? ரெண்டு பேரும் ஒரே சபை, ஒரே நாட்டுக்காரர்! வீட்டிலே போய் ஊணும் கழிச்சாச்சு!" என்று முழங்கிவிட்டு, நேரே மேலதிகாரியிடம் சென்று முறையிட்டார்.

கேட்டவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தாங்களும் தங்கையனும் விளவங்கோட்டுப் பக்கத்தவர்கள், இருவரும் ஒரே திருச்சபை. முன்பின் அறிமுகம் இல்லாதவர்கள் என்று சொன்னால் யார் நம்புவது? விசாரணை ஏற்பட்டது. தங்கள் பென்ஷன் காகிதங்கள் நகராமல் நின்றன. மோட்டார் சைக்கிளின் சான்று முடக்கி வைக்கப்பட்டது. அட்டை மொய்க்கும் மழைச் சரிவுகளில் மரப்பாதத்தோடு தங்கையன் மறுபடியும் நடக்கத் தொடங்கினார். வழுக்கி விழுந்து முழங்கையை முறித்துக்கொள்ள இருந்தார் என்று செய்தி வந்த அன்று, தாங்கள் மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே மூடி வைத்ததை ஐயப்பன் பார்த்தார்.

அப்போது நாங்கள் என்ன செய்தோம்? தங்கள் மேசையைச் சூழ்ந்து நின்று, நல்லது நினைத்தே ஒரு யோசனை சொன்னோம். "அந்தச் சாப்பாட்டை யார் கண்டார்கள்? கண்டக்டர் சொல்தானே? தண்ணீர் மட்டும் குடித்தேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றோம். சேஷன் வாசகத்தையே தயாரித்து வைத்திருந்தார். தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "கிழங்கு தின்னதை இல்லைன்னு சொல்லிட்டு, பிரேக் பிடிச்சதுன்னு சொன்னா, அதை யாரு ஓய் நம்புவா?"

விசாரணை அதிகாரி கேட்டபோதும் அப்படியேதான் பதில். "அவர் வீட்டில் சாப்பிட்டீரா?" "சாப்பிட்டேன்." "ஏன்?" "பசிச்சது." அதிகாரி, பேச்சினால் இதைத் தீர்ப்பதற்கில்லை, வண்டியை இறக்கத்தில் ஓட்டிக் காட்டட்டும் என்று உத்தரவிட்டார்.

அஞ்சா நெஞ்சினரே!

ஆனி மாதம், தூறல் விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை. இடம் பிளாமூட்டு இறக்கம். நகரத்தில் அதைவிடச் செங்குத்தான சாலை அருகில் இல்லை. மேலே மோட்டார் சைக்கிளும் தங்கையனும் ரத்னாபாய் அம்மாளும். கீழே விசாரணை அதிகாரி, கையில் குடை. இரு ஓரத்திலும் நாங்களும், பஸ்காரர்களும், வேடிக்கை பார்க்க வந்த பாதி ஊரும்.

வண்டியைக் கிளப்பப் போகும் நேரத்தில் வேலாயுதன் கையை உயர்த்தினார். "ஒரு வார்த்தை உண்டு. மலையிலே ஆள் தனியாவா போகும்? சம்சாரத்தைப் பின்னாலே இருத்திக்கொண்டல்லே போகும்? ஆளைக் கேற்றி இறக்கிக் காட்டட்டும்!"

அதிகாரி சரிதான் என்று தலையசைத்தார். தார்ச் சாலை ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. ரத்னாபாய் அம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். தாங்கள் குறுக்கே போய் நின்றீர்கள்.

"நில்லுங்கம்மா. பாஸ் பண்ணினது நான். நான் ஏறுதேன்."

"சாரே, வேண்டாம்" என்று தங்கையன் திரும்பிச் சொன்னார். "மழையிலே நான் இந்த ரோட்டிலே ஓட்டினதில்ல."

"பிரேக் மேல எனக்கு நம்பிக்கை உண்டு. உமக்கு உண்டா?"

"உண்டு சாரே."

"அப்போ விடும்."

காக்கிச் சட்டையும் தொப்பியுமாய், ஓய்வு பெறும் வயதில், பின்னிருக்கையில் தாங்கள் ஏறி அமர்ந்தீர்கள். வாழ்நாளெல்லாம் வண்டிகளைப் பரிசோதித்த தாங்கள் அவற்றில் ஒன்றின் மேல் இப்படி ஏறி உட்கார்ந்ததை அன்றுதான் நாங்கள் கண்டோம். வண்டி இறங்கியது. பாதி தூரம்வரை ஒழுங்காக வந்தது. அப்போது, யாரும் சொல்லி வைக்காமல், பக்கத்துச் சந்திலிருந்து ஓலை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று சாலைக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டது. வண்டிக்காரர் கூட்டத்தைப் பார்த்தாரே தவிர, மேலே பார்க்கவில்லை.

நாங்கள் கத்தினோம். ரத்னாபாய் அம்மாள் கத்தவில்லை. இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டார். தங்கையன் இரு கைகளாலும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து இழுத்தார். பின்சக்கரம் ஈரத்தில் ஒரு பக்கமாக வழுக்கி, வளைந்து, பிறகு பிடித்தது. தங்கள் தொப்பி பறந்து ஓடையில் விழுந்தது. தங்கையன் நல்ல காலை ஊன்றி வண்டியைத் தாங்கிக்கொண்டபோது, முன்சக்கரத்துக்கும் காளையின் விலாவுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தது. காளை திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு, அசை போட்டது.

தாங்கள் இறங்கினீர்கள். ஓடையிலிருந்து தொப்பியை எடுத்து உதறினீர்கள். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தீர்கள். ஊரே மூச்சடக்கி நின்ற அந்த வேளையில் தாங்கள் சொன்ன வாசகத்தை இவ்வலுவலகம் உள்ளளவும் சொல்லிக்கொண்டிருப்போம்:

"முன் பிரேக் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்குது, தங்கையா. போறதுக்கு முன்னால சரி பண்ணும்."

முதலில் சிரித்தவர் விசாரணை அதிகாரி. பிறகு சாலை முழுவதும் சிரித்தது. ரத்னாபாய் அம்மாள் மட்டும் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து அழுதார். வேலாயுதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து தங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "மதி சாரே, போதும். நான் கண்ணால் கண்டு. இனி ஒன்றும் பறயேண்டா" என்றார்.

அடுத்த வாரமே நிறுத்தி வைத்த தம் பஸ்ஸுக்குப் புது பிரேக் பூட்டிக்கொண்டு அவர் வந்தார். நட்பாகிவிட்ட பிறகு தடை ஏது என்று நாங்கள் நினைத்தோம். தாங்கள் பிரேக்கைப் பார்த்து மகிழ்ந்து பாராட்டினீர்கள், ஹாரன் சரியாக ஒலிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள். அவர் நேரே போய் ஹாரன் வாங்கி வந்தார்.

அன்பின் உறைவிடமே!

புகாரில் சாரம் இல்லை என்ற உத்தரவு சென்ற வாரம் வந்தது. பென்ஷன் உத்தரவும் அதனோடு வந்தது. மோட்டார் சைக்கிளின் சான்று மீண்டது, தங்கையன் வேலையும் நிலைத்தது. உத்தரவைச் சேஷன் உரக்கப் படித்து முடித்ததும், மாதக் கணக்கில் தாழ்ந்த குரலிலேயே பேசிப் பழகிப்போன இவ்வலுவலகத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பகவதிப்பெருமாள் சுத்தியலால் காலி பெட்ரோல் டின்னைத் தட்டி மேளம் வாசித்தார். தாங்கள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இங்க என்ன திருவிழாவா?" என்று கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டீர்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் வெகுநேரம் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. ஜலதோஷம் என்று தாங்கள் சொன்னதை, பதவி மரியாதை கருதி நம்பினோம்.

கலங்காத மனத்தோடும் களங்கமற்ற பெயரோடும் தங்களை இந்த வாசல் வழியே அனுப்பக் கிடைத்ததே, அது எங்களுக்குப் பெரிய ஆறுதல். பிரிவின் துயரம் உண்டு; ஆனால் அதைவிடப் பெரிதாய் இந்த நிம்மதி இருப்பதனால், இன்று எங்களால் சிரித்த முகத்தோடு மாலை சூட்ட முடிகிறது.

நாளை முதல் தாங்கள் பிறந்த மண்ணில், துணைவியார் செல்லபாய் அம்மையாரோடு, நாகர்கோவில் சாலையின் ஓரத்திலுள்ள இல்லத்தில் வாழப் போகிறீர்கள். உடல் நலம் குன்றாமல், உள்ள நலம் மங்காமல், பேரன் பேத்தியர் சூழப் பல்லாண்டு பொலிவீராக! வீட்டின் முன் போகும் பஸ்களின் சத்தம் தங்கள் பகல் உறக்கத்தைக் கெடுக்காதிருக்கட்டும். தாங்கள் ஏறுகிற வண்டி எதுவானாலும், அதன் டிரைவர் தங்களைக் கண்டதும் அஞ்சாமல் வணக்கம் சொல்லும்படி அதன் பிரேக் இருக்கட்டும். எந்த இறக்கத்திலும் தங்களுக்கு முன்னால் வழி திறந்தே கிடக்கட்டும்!

திருவனந்தபுரம்
கொல்லம் ஆண்டு 1122, ஆவணி

இங்ஙனம்,
தங்கள் சுத்தியல் ஓசைக்கு இன்னும் நிமிர்ந்து உட்காரும்
மோட்டார் வாகனப் பரிசோதனை அலுவலக ஊழியர்கள்